மேர்வின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால், நோபேட் எங்கே நின்றாலும் எடுத்துவிடுவார். மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லிக் கெஞ்சுகிற பிள்ளைகள், கூரைக்குச் சோலார் தகடு விற்கிறவர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்று புளுகுகிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் ஒக்லாந்தில் மரியாதையாகப் பதில் சொல்லும் ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். ஒருமுறை தமிழ்ப் பூசையில், குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அடித்தது. சனம் முழுக்க முழந்தாளில் நிற்க, இவர் ஒருவர் மட்டும் எழும்பி வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது. சோலார்க்காரன்தான். அவர் மனைவி ராசமணி அன்றைக்குக் கோயில் வாசலில் யாரோடும் நின்று கதைக்காமல் நேரே காருக்குள் போய் ஏறிக்கொண்டாள்.

ஆனாலும் அவள் அவரைத் திட்டவில்லை. அவர் யாருடைய அழைப்புக்காக ஓடினார் என்பது அவளுக்குத் தெரியும்.

நோபேட்டின் தம்பி மேர்வின். மன்னாரில் பிறந்தவர்கள் இருவரும். சண்டைக் காலத்தில் அண்ணன் ராசமணியின் தமையன் மூலமாக நியூசிலாந்துக்கு வந்துவிட்டார். தம்பி படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய் அகதி முகாமில் இருந்தான். அங்கேதான் லோஜனாவைக் கட்டினான், மெலனி பிறந்தாள். சண்டை முடிந்து சில வருடத்துக்குப் பிறகு, நியூசிலாந்துக்குப் போகிற படகு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, மனைவியையும் மகளையும் முகாமில் விட்டுவிட்டு அதில் ஏறினான். ஏறுவதற்கு முதல் எடுத்துக் கதைத்தான்.

"அண்ணை, கடலிலை போன் வேலை செய்யாது. இறங்கின உடனை எடுக்கிறன். நம்பரை மாத்திப்போடாதேங்கோ."

அவ்வளவுதான். அந்தப் படகு எங்கேயும் இறங்கியதாகத் தகவல் இல்லை. மூழ்கியதாகவும் தகவல் இல்லை. ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. பதினொரு வருடமாகிறது. நோபேட் அந்த இலக்கத்தையும் மாற்றவில்லை, மனுரேவாவில் ரயில் பாதைக்குப் பக்கத்திலிருக்கும் அந்த வாடகை வீட்டையும் மாற்றவில்லை. தம்பியிடம் இருந்தது அந்த விலாசம்தானே.

முதல் ஒன்றிரண்டு வருடம் நோபேட் வேலை விட்டு வந்ததும் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார். இந்தோனேசியா, பப்புவா நியூகினி, பெயர் வாயில் நுழையாத தீவுகள், எங்கெங்கே படகுச் செய்தி வருகிறதோ அங்கெல்லாம் தேடினார். தேடுவதற்கு இடம் தீர்ந்துபோன பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. அப்படித்தான் இணையத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றில் தமிழில் ஆண்டுப் பக்கங்கள் எழுதத் தொடங்கினார். ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம். அந்த ஆண்டில் உலகத்தில் நடந்தவை, பிறந்தவர்கள், இறந்தவர்கள், எல்லாம் திகதி வரிசையில். திகதி தெரியாதவற்றுக்குக் கீழே தனியாக ஓர் இடம். இவர் எடுத்துக்கொண்டது பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. நம் காலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நூற்றாண்டு எதையும் தொடவில்லை. ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று ராசமணி கேட்டதற்கு, அந்த ஆட்களுக்காக இப்போது ஒருவரும் காத்திருக்கவில்லை என்றார். அவள் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் மட்டும், "இவர் செத்த ஆக்களோடை குடித்தனம் நடத்துறார்" என்று சிரித்துச் சொல்வாள்.

இந்த வருடம் அவர் 1582-க்கு வந்திருந்தார். ஜப்பானில் ஒரு பெரிய பிரபுவை அவனுடைய தளபதியே கோயிலுக்குள் வைத்து வளைத்துச் சாகவைத்த ஆண்டு. ரோமில் ஓர் இசைக்காரர் பிறந்தார், எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைக் கீழே தனி இடத்தில் போட்டார். எல்லாவற்றிலும் பெரிது, பாப்பரசர் கிரகோரியார் காலண்டரைத் திருத்தியது. சூரியனோடு காலண்டர் ஒத்துவரவில்லை என்று அந்த ஆண்டு ஒக்டோபரில் பத்து நாளைத் தூக்கிவிட்டார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் நான்காம் திகதி இரவு படுத்த சனம் காலையில் எழும்பியது பதினைந்தாம் திகதி. ஸ்பெயினில் ஒரு கன்னியாஸ்திரி, பிற்காலத்தில் புனிதையானவள், நான்காம் திகதி இரவில் கண்ணை மூடினாள். மறுநாள் அடக்கம். அந்த மறுநாள்தான் பதினைந்தாம் திகதி. நடுவில் உள்ள நாட்களில் அந்த நாடுகளில் ஒரு குழந்தை பிறக்கவில்லை, ஒரு மனிதர் சாகவில்லை. அந்த வெற்றிடம் நோபேட்டுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எழுதி முடித்த பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் லோஜனா எடுத்தாள். படகு காணாமல் போன பிறகு அவள் மகளோடு மன்னாருக்கே திரும்பியிருந்தாள். மெலனிக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, பையன் பேசாலைப் பக்கம், நல்ல குடும்பம். நோபேட்டுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பையன் என்ன வேலை, எந்தக் கோயில், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனார். லோஜனா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அதைக் கேட்டாள்.

"கார்ட் அடிக்கக் குடுக்கவேணும் அண்ணை. மெலனியின்ரை அப்பாவின்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது?"

நம் கலியாணக் கார்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொம்பிளை இன்னாருடைய மகள் என்று போடும்போது தகப்பன் உயிரோடு இருந்தால் 'திரு.' இல்லாவிட்டால் 'காலஞ்சென்ற'. மூன்றாவதாக ஒன்று அச்சுக்கூடத்தில் கிடையாது. வெறும் 'திரு.' போட்டால், பீடத்தடிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் ஏன் வரவில்லை என்று கோயில் முழுக்கத் தேடும். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே நாசூக்காகக் கேட்டுவிட்டார்களாம். 'காலஞ்சென்ற' என்று போட்டால், அதற்கு முதல் இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும். இவ்வளவு காலமும் மேர்வினின் பிறந்தநாளுக்கு நோபேட் ஒப்புக்கொடுத்து வந்தது சுகத்துக்கான பூசை. நவம்பரில், இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் எழுதிக் கேட்கும்போது அவர் தகப்பன் தாயின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவார். இப்போது குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். அவர் வாயால்தான் அது வரவேண்டும் என்று லோஜனா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அச்சுக்கூடத்தில் தவணை வாங்கியிருக்கிறாளாம்.

நோபேட் ராசமணியிடம் சொன்னார். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, காலஞ்சென்ற எண்டே போடச் சொல்லுங்கோ என்றாள். கொஞ்சம் பொறுத்து, வெஸ்ட்கேட்டில் மகள் இருக்கும் வீட்டுக்கு நாங்களும் போகலாம்தானே என்றாள். மகளும் மருமகனும் மோர்கேஜ் எடுத்து வாங்கிய புது வீடு, கீழே ஓர் அறை இவர்களுக்கென்றே சும்மா கிடக்கிறது. மூன்று வருடமாக அவள் இதைக் கேட்கிறாள், இவர் மூன்று வருடமாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெண்டு கேள்வியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாளே என்று நோபேட்டுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெளியே போய், வெட்டத் தேவையில்லாத புல்லை வெட்டினார்.

அந்தக் கிழமை முழுக்க மனிதர் தன்பாட்டில் இல்லை. வேலை உறைந்த சாப்பாடு வைக்கும் களஞ்சியத்தில். தேத்தண்ணி இடைவேளையில், அவரோடு வேலை செய்கிற இயோசெஃபா, சமோவாக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், என்ன யோசனை என்று கேட்டான். நோபேட் தம்பியைப் பற்றி வேலையிடத்தில் வாய் திறப்பதில்லை. அதனால் கையில் கிடைத்ததைச் சொன்னார். முந்தி ஒரு காலத்தில் பத்து நாளைக் காலண்டரிலிருந்தே தூக்கினார்களாம், நம்புவாயா என்றார்.

இயோசெஃபா நம்பினான். அவனுடைய பிறந்தநாள் டிசம்பர் முப்பது. 2011-இல் சமோவா, உலகத் திகதிக்கோட்டைத் தாண்டி நியூசிலாந்து இருக்கும் பக்கத்துக்கு மாறியபோது அந்த வருட டிசம்பர் முப்பது அங்கே வரவேயில்லை. அவன் அப்போது ஊரில்தான் இருந்தான். வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை எழும்பினார்கள். அவனுக்கு முப்பது வயது முடிகிற நாள் அது. தம்பிமார், உனக்கு இனி எப்போதும் இருபத்தொன்பதுதான் என்று பகிடி பண்ணினார்களாம். தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே சாப்பாட்டைப் பரப்பிவைத்து, எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, அவள் சொன்னதை இயோசெஃபா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி சொல்லிக் காட்டினான்.

"நாள் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை அங்கேயே நிறுத்தி வைக்கிறதா?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நோபேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையைக் கழுவி வைக்காமலே எழும்பிப் போனார்.

சனிக்கிழமை விடிய, 1582-ஐத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. அந்த ஆண்டு மன்னாரும் போர்த்துக்கீசர் கையில்தான். ஆனால் பாப்பரசரின் கட்டளை கப்பலேறிக் கடல் சுற்றி, அந்த ஒக்டோபருக்குள் மன்னாருக்கு வந்து சேர்ந்திருக்க வழியே இல்லை. ஆகவே ரோமில் இல்லாமல் போன அந்த நாட்களில், மன்னாரில் சனம் வழமைபோல எழும்பிக் கடலுக்குப் போயிருக்கும். யாரோ பிறந்திருப்பார்கள். யாரோ செத்திருப்பார்கள். தங்களுக்குச் செய்தி வரவில்லை என்பது கூட அவர்களுக்குத் தெரியாது. செய்தி பிந்தியதால் நடந்தது நடக்காமல் போய்விடாது. இத்தனை நாளும் அந்த வெற்றிடத்தை வடிவு பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் என்ன என்று அவருக்கு விளங்கியது. ஒருவரும் சாகாத ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்த இடத்தில் தம்பியைக் கொண்டுபோய், முப்பத்தாறு வயதோடேயே, ஈர உடுப்போடேயே, பதினொரு வருடமாக நிறுத்தி வைத்திருக்கிறார். ஏறி வந்து இருக்கச் சொல்லவும் இல்லை, போய்ப் படுக்கச் சொல்லவும் இல்லை.

அவர் அழுதார். ராசமணி வந்து தோளில் கையை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி போடப் போனாள். வெஸ்ட்கேட்டுக்குப் போவம் என்று அவள் முதுகுக்குச் சொன்னார். அவள் கேத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் கார்ப் பார்க்கில் ஓர் ஓரமாக நின்று லோஜனாவுக்கு எடுத்தார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். சேவல் கூவுவது கேட்டது. சுற்றி வளைத்துச் சொன்னால் பிறகு சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தன்னைப்பற்றித் தெரியும். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"காலஞ்சென்ற எண்டு போடு பிள்ளை. முதல் பூசையை நான் இங்கை ஒப்புக்குடுக்கிறன்."

லோஜனாவின் குரல் வந்தது. அவள் அழவில்லை. களைத்துப்போன குரல்.

"நீங்கள் ஒராள் எண்டாலும் வேண்டாம் எண்டுவீங்கள் எண்டு நினைச்சன் அண்ணை."

அவள் அனுமதி கேட்கிறாள் என்றல்லவா நோபேட் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அவள் தன் மனதில் அந்தச் சொல்லை எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். ஊரும் முடித்துவிட்டது, மாப்பிள்ளை வீடும் முடித்துவிட்டது. பூமியில் இன்னும் முடிக்காத ஒரே மனிதரிடம் கடைசியாக ஒருதரம் வந்து கேட்டுப் பார்த்திருக்கிறாள். அவரும் இப்போது போடு என்றுவிட்டார்.

சொன்னதைத் திருப்பி எடுக்கலாமா என்று யோசித்தார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மேர்வினை மறுபடியும் அந்தத் தண்ணீருக்குள் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. "போடு" என்று இன்னொரு முறை சொன்னார், இந்த முறை மெதுவாக.

"ஓம். போடுறன்" என்றாள் லோஜனா. மெலனி எழும்பிவிட்டாள், பிறகு கதைக்கிறேன் என்றாள். நோபேட், வீடு மாறப்போகிறோம், புது விலாசம் அனுப்புகிறேன், கார்டை அங்கே போடு என்றார். அதற்கும் ஓம் என்றாள். வைக்கப்போகிறாள் என்று இவர் நினைக்கும்போது திரும்பவும் கூப்பிட்டாள்.

"அண்ணை. வீடு மாறினாலும் நம்பரை மாத்திப்போடாதேங்கோ."

"இல்லை" என்றார் நோபேட். "மாத்தமாட்டன்."

அவள் வைத்த பிறகும் அவர் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். ராசமணி காருக்குள் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் கதவைத் திறந்து ஏறப்போன நேரம் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ராசமணி அவரைப் பார்த்தாள்.

அவர் எடுத்தார்.