சஃபியா ஓதுவதை இனி யார் கேட்பார்கள்?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகனைத் தூங்கவைத்த பிறகுதான் கை ஓய்ந்தது. ரஹ்மத் அக்காவோடு சிறுவயதில் ஓதிப் படித்த தோழிகளுக்கு, அவருடைய பக்கத்து வீட்டுக்காரியும் அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே ஆசிரியையுமான ஜெபா எழுதுகிறேன்.

இதய ஆபரேஷனுக்காக அக்காவை மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே அவர் இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். கரண்ட் போய், பள்ளிக்கு எதிரே இருந்த விசைத்தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அமைதியில், போனில் அவர் கணவர் சொன்ன 'மவுத்து' என்ற ஒரே வார்த்தை வகுப்புக்கே கேட்டது.

எங்கள் முதல் சண்டை வேதத்தைப் பற்றித்தான். என் மகன் தூக்கத்தில் பயப்படாமலிருக்கத் தலையணைக்கடியில் பைபிளை வைத்திருந்தேன். அக்கா பதறிவிட்டார்.

"ஏட்டி, வேதத்து மேலயா பிள்ளையப் படுக்க வைக்கே? அதுல வேற கோடு கோடாப் போட்டிருக்கே, பரீட்சைக்குப் படிக்க மாதிரி!"

"பிடிச்ச வசனம்லாக்கா. பவுல் ஜெயில்ல இருந்து சபைக்கு எழுதுன நிருபம் இது."

"கடுதாசியா? கடுதாசி எப்படிட்டி வேதமாவும்?"

"எழுதுனது மனுசன். ஏவுனது ஆவியானவர்."

"எங்களுக்கு அப்படி இல்ல மக்கா. நபி எழுதல. அல்லாஹ்வோட வார்த்தை அப்படியே இறங்குனது. ஓதுதவங்க வாயப் பாத்து, காதால கேட்டு வாங்கணும். ஓர் எழுத்து பிசகக்கூடாது."

எட்டு வயது மகள் சஃபியாவுக்கு மாலைதோறும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அவள் ஓத ஓத, பாத்திரம் கழுவிக்கொண்டே, "ம்ஹூம், தொண்டையில இருந்து வரணும்" என்பார். மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்றும் ஓதச் சொல்லிக் கேட்டார். ஓரிடத்தில் சஃபியா திக்கினாள். "வந்து பாத்துக்கிடுவோம்" என்று காரில் ஏறினார்.

அடக்கம் முடிந்ததிலிருந்து சஃபியா ஓதவே இல்லை. அக்கா வைத்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்து, "இதையாவது வாசி, எல்லாம் ஒண்ணுதானே" என்றேன். எங்களுக்குத் தமிழில் இருப்பதும் வேதமேதான். அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன்.

"இது தர்ஜமா ஆன்ட்டி. அர்த்தம்தான். குர்ஆன் இல்ல" என்றவள் மெல்லக் கேட்டாள்: "நான் தப்பா ஓதுனதாலதான் உம்மா மவுத்தாயிட்டாவளா?"

இல்லை என்றேன். அது அவளுக்குள் இறங்கவில்லை. வாப்பா சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே அழுகிறாள். மதரசாவுக்கும் போகமாட்டாளாம். ஓதினால் மறுபடி பிசகும், அடுத்தது வாப்பா என்கிறாள். நேற்றிலிருந்து அவருக்குக் காய்ச்சல். பிள்ளை சோறு தின்னாமல், உதட்டை இறுக மூடிக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் இருமினால்கூட இப்போது ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பேச்சுதான். பள்ளியில் ஒரு பையனிடம் சொன்னார்: "திக்கித் திக்கி ஓதுதவனுக்கு நன்மை ரெண்டு மடங்குடா." அதைச் சஃபியாவிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் ஓதத் தெரியாதுல்லா ஆன்ட்டி" என்றாள்.

அக்காவோடு ஓதிய ஒருவர் வந்து அதைச் சொன்னால் நம்புவாள். உங்களில் யார் வர முடியும்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.