பிலோ அக்காவின் ஐந்து மணித்தியாலம்

போன சனிக்கிழமை மகளுடைய பனிச்சறுக்கு ஸ்கீயைத் தீட்டி மெழுகு பூசக் கொடுப்பதற்காக எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்னக் கடைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததுமே மெழுகு உருகும் வாசம் முகத்தில் அடித்தது. தேவாலயத்தில் மெழுகுதிரியை ஊதி அணைத்தவுடன் வருமே, அதே வாசம்தான், கொஞ்சம் பிளாஸ்டிக் கலந்தது போல. கடைக்காரர் "போன்ஜூர்" என்றார். நான் அந்த நேரம் முப்பது வருசத்துக்கு முந்தைய ஓர் அறையில், என்னுடைய ஒரேயொரு வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சட்டையை ஒரு மருந்துக்கடை நேர்முகத்துக்காக அயன் பண்ணியிருந்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே கையகலத்துக்கு நீல மெழுகு. என்னோடு அறையில் இருந்த பிலோ அக்கா முதல்நாள் அதே அயனால் ஸ்கீக்கு மெழுகு தேய்த்துவிட்டுத் துடைக்க மறந்துவிட்டார்.

"அக்கா, உதென்ன?"

"அது நீலம். சரியான குளிர் நாளுக்கு நீலந்தான் பூச வேணும்" என்றார், நான் மெழுகின் வகையைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு.

கழுத்துவரை பூட்டிய ஸ்வெற்றரோடு போய் வியர்க்க வியர்க்கப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

பிலோமினா என்பது முழுப்பெயர். மன்னார்க்காரி. நகர ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்த தமையன் அலோசியஸ் அண்ணைதான் அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். ஒரு வருசம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, வேலைக்குக் கிட்ட இருக்க வேணும் என்று சொல்லி என்னோடு வந்து அறையைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் அப்போது ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. குளிர்காலத்தில் சந்தையைச் சுற்றி அடைத்துவிடுவார்கள் என்றாலும் சீமெந்துத் தரையிலிருந்து குளிர் ஏறும். மாலையில் சப்பாத்தைக் கழற்றினால் கால்விரல்கள் வேறு யாருடையவோ போலிருக்கும்.

எல்லாம் தொடங்கியது ஒரு பனிப்புயல் காலையில். முழங்கால்வரை பனி. பஸ் தரிப்பில் நாற்பது நிமிசமாக நிற்கிறோம், பஸ்ஸைக் காணோம். அப்போது தெருவின் நட்ட நடுவே, முதுகில் பையோடு, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஸ்கீயில் வந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டி, ஒரு "போன்ஜூர்" சொல்லிவிட்டு, கையிரண்டையும் வீசி வீசி மூலையில் திரும்பி மறைந்தார். வேலைக்குப் போகிறார் போலும். எனக்கு அவர் ஒரு விசர் மனுசியாகத் தெரிந்தார்.

பிலோ அக்கா அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எடி, அவ போறா. நாங்கள் நிக்கிறம்" என்றார்.

அடுத்த மாதமே ஒரு தேவாலய நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில் ஒரு சோடி ஸ்கீ வாங்கிவிட்டார். சப்பாத்து இரண்டு அளவு பெரிசு. மூன்று காலுறை போட்டுச் சரிக்கட்டினார். முதலில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் பழகினார். குப்பை வாளிகள் எல்லாம் விழுந்தன. பிறகு மலைக்குப் போகத் தொடங்கினார். இந்த நகரத்தில் மலை என்றால் ஒரே மலைதான், பெயர் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒரு மேப்பிள் மரத்தைக் கட்டிப்பிடித்தேன், அவர் வந்து கழற்றும்வரை விடவில்லை. எனக்கும் ஸ்கீக்கும் இடையிலான வரலாறு அவ்வளவுதான்.

சந்தை வேலை அவருக்குப் பொருந்தியது என்றுதான் இப்போது தோன்றுகிறது. சனி ஞாயிறில் முறியவேண்டும், ஆனால் திங்களும் செவ்வாயும் ஓய்வு. ஊரே வேலைக்குப் போன பிறகு மலையில் அவர் மட்டும். "முழு மலையும் எனக்கு விட்டிருக்கு" என்பார். களைப்பாக இல்லையா என்று கேட்டால், நிற்கிற களைப்பு வேறு, ஓடுகிற களைப்பு வேறு என்பார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடை முதலாளி வயதாகிக் கடையை விட்டபோது நான் மருந்துக்கடைக்குப் போனேன், அவர் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே என்ன தைத்தார் தெரியுமா? பனிச்சறுக்குக்காரர் போடும் மேலங்கிகளுக்கு சிப் வைத்த பொக்கற். வாரத்தில் ஆறு நாள். ஏழாம் நாள் பூசை, பிறகு ரொக்ஸ்பரோவில் அண்ணன் வீட்டுச் சாப்பாடு. இருட்டோடு போய் இருட்டோடு வருவார். அவர் பொக்கற் வைத்த அங்கிகள் எத்தனையோ மலைகளுக்குப் போயின. அவருடைய ஸ்கீ கதவுக்குப் பின்னால் நின்றது. நான் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுக்கும்போதெல்லாம் அது என் தலையில் விழும்.

இரண்டு குளிர்காலம் பொறுத்தார். பிறகு, புத்தி தெளிந்தவர் போல, நேராக ஸ்கீ மலைக்கே வேலைக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தார். நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சின்ன மலை. மேலே கொண்டுபோக இழுவைக் கம்பி, கீழே சாப்பாட்டுச்சாலை. அந்தச் சமையற்கட்டில் வேலை. அங்கு வேலை செய்பவர்களுக்குச் சறுக்க இலவச அட்டை. அதைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு வந்து எனக்குக் காட்டியபோது, ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி இருந்தார்.

ஆனால் சனம் சறுக்குகிற நேரமெல்லாம் சனத்துக்குப் பசிக்கிற நேரமும்தானே. காலை எட்டிலிருந்து உருளைக்கிழங்கு பொரித்தார். இழுவை நின்ற பிறகுதான் அடுப்பு நின்றது. யன்னலில் எண்ணெய் ஆவி படிந்திருக்கும், அதைக் கையால் துடைத்துத் துடைத்து மற்றவர்கள் இறங்கி வருவதைப் பார்ப்பார். அந்த முழுக் குளிர்காலத்திலும் பதினொரு தடவைதான் மேலேயிருந்து இறங்கினாராம். அந்தப் பதினொன்றும் இழுவைக் கம்பியை ஓட்டுகிறவர் காலையில் பரீட்சார்த்தமாக அதை ஓடவிடும்போது, "போ, போ, கெதியாப் போயிட்டு வா" என்று பிரெஞ்சில் சொல்லி விட்டவை.

பஸ் யோசனை யாருடையது என்று ஞாபகமில்லை. என்னுடையது என்று சொல்ல ஆசைதான். பாடசாலை பஸ் ஓட்டுவதற்கு ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிலோ அக்கா சோதனைக்குப் படித்தார், நான் பிரெஞ்சில் கேள்வி கேட்பேன், அவர் சோறு குழைத்துக்கொண்டே பதில் சொல்வார். முதல் நாள் அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, ஐந்தடி உயரமுள்ள மனுசியின் தலை மட்டும்தான் கண்ணாடிக்கு மேல் தெரிந்தது. பிள்ளைகள் "மதாம் பிலோ" என்றார்கள்.

காலை ஒன்பதுக்கு முன்னரே பிள்ளைகளை இறக்கிவிடுவார். இரண்டு மணிக்குத் திரும்ப பஸ்ஸடியில் நிற்கவேண்டும். நடுவே ஐந்து மணித்தியாலம். மற்றச் சாரதிகள் கோப்பியோடு இருப்பார்கள், சிலர் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். பிலோ அக்கா தன் பழைய காரில் நேரே நகரத்து மலைக்குப் போவார். அந்த நேரத்தில் மலையில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் ஓய்வுநாட்களில் தேத்தண்ணிப் போத்தலோடு போய்ப் பார்த்திருக்கிறேன். விடிய எழும்பிப் பாண் போட்டு முடித்துவிட்டு வரும் ஒரு பேக்கரிக்காரர், கொட்டாவி விட்டபடியே அழகாகச் சறுக்குவார். இரவு வேலை முடித்த ஒரு தாதி. நாடக நடிகர் ஒருவர், அவருக்கு வேடம் கிடைக்காத வருசங்களில் சறுக்கல் மிகவும் திறமாயிருக்கும். எல்லாரிலும் நல்ல ஸ்கீ வைத்திருந்தவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். குளிர்காலத்துக்கு இரண்டு தரம் வருவார், வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூப்பிடுவார்கள், போய்விடுவார்.

அவர்கள் எல்லோருக்குள்ளும் பிலோ அக்கா சறுக்குவது தனியாகத் தெரியும். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் தெரியும். சந்தையில் பெட்டி தூக்கிய தோள், மெசினை மிதித்த கால், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சத்தமில்லாமல் வேலை செய்யும்.

ஒன்பது வருசம் அப்படி ஓடியது. பிறகு பஸ் கொம்பனி அவரைக் கந்தோருக்கு எடுத்தது. எந்த பஸ் எந்தத் தெருவுக்கு என்று சொல்லும் வேலை. சூடான அறை, தனிக் கதிரை, பெயர்ப்பலகை. அலோசியஸ் அண்ணை அதைச் சொல்லாத ஆள் ரொக்ஸ்பரோவில் இல்லை. பிலோ அக்காவும் சந்தோசமாகத்தான் போனார். நான் ஒருநாள் அங்கு போனபோது வெளியே பூப்பூவாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் யன்னலுக்கு முதுகு காட்டி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொக்ஸ்பரோவில் மத்தியானச் சாப்பாட்டில் நானும் இருந்தேன். பிலோ அக்கா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணை, நான் திரும்ப பஸ்ஸுக்குப் போறன். வெள்ளிக்கிழமை அவையிட்டைச் சொல்லிப்போட்டன்."

அண்ணை வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "ஏன்? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஒரு விளையாட்டுக்காகக் கதிரையை விட்டிட்டு வாறியோ?"

"எனக்கு அது விளையாட்டு இல்லை அண்ணை. ஒரு நாளைக்கு அஞ்சு மணித்தியாலம் என்ரை கையிலை இருந்தது. அதைத்தான் திருப்பிக் கேட்டனான்."

"கலியாணமும் வேண்டாமெண்டாய். இப்ப இதுவும் வேண்டாமோ?"

"ஓம்."

அந்த ஓமில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. அண்ணை எழும்பிக் கை கழுவப் போனவர் திரும்பி மேசைக்கு வரவில்லை. இந்த நாட்டில் பிலோ அக்காவுக்கு இருந்த ஒரே சொந்தம் அந்தத் தமையன்தான். திரும்பி வரும்போது ரயிலில் பிலோ அக்கா கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். "பிழை விட்டிட்டனோடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் இல்லை என்றேன். உண்மையில் எனக்கு அப்போது தெரியாது.

ஐந்து வாரம் தமையன் பேசவில்லை. பிறகு ஒரு நாள் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தார். "அவள் எங்கை சறுக்கிறவள்? எத்தினை மணிக்கு?"

ஒரு புதன்கிழமை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கந்தோர்ச் சப்பாத்து, கையில் தேத்தண்ணி நிரப்பிய சுடுதண்ணிப் போத்தல். சரிவின் அடியில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே மரங்களுக்குள்ளிருந்து ஓர் உருவம் புறப்பட்டு, வலமும் இடமும் வளைந்து, எங்களை நோக்கி இறங்கி வந்தது.

"ஆரது, உந்த நீலத் தொப்பி? என்ன வடிவா வருகுது!"

"அது உங்கடை தங்கச்சி, அண்ணை."

அவர் என் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வைத்தார். பிலோ அக்கா கிட்ட வந்துதான் அண்ணையைக் கண்டார். சட்டென்று இரண்டு ஸ்கீயையும் குறுக்கே திருப்பி நிறுத்தினார். சிதறிய பனி அண்ணையின் சப்பாத்து முழுக்கக் கொட்டியது. அண்ணை போத்தலின் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார்.

"குடி. ஆறப்போகுது."

குடித்தார். கண்ணில் நீர் நின்றது, குளிரென்றும் சொல்லலாம்.

"கால் நோகேல்லையோ?"

"இல்லை அண்ணை."

அவர் மூடியை வாங்கித் திருகினார். "அப்ப இன்னொருக்காப் போ. நான் வடிவாப் பாக்கேல்லை."

பிலோ அக்கா பக்கவாட்டில் அடி வைத்து அடி வைத்து மேலே ஏறிப்போனார். அவர் ஏறி முடிக்கும்வரை, வெளிச்சத்துக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, தமையன் கண்ணெடுக்காமல் பார்த்தார். அதற்குப் பிறகு ரொக்ஸ்பரோவில் புதுக்கதை: "என்ரை தங்கச்சி பஸ்ஸும் ஓட்டுவா, ஸ்கீயும் ஓட்டுவா."

அலோசியஸ் அண்ணை இப்போது இல்லை. வடக்கே இருந்த அந்தச் சின்ன மலையை மூடி இழுவைக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள், சரிவு முழுக்கப் பற்றை. தையல் தொழிற்சாலைக்குள் கண்ணாடிக் கதவு வைத்து யாரோ குடியிருக்கிறார்கள். பஸ்காரருக்கும் இப்போது மத்தியானத்தில் ஒரு ஓட்டம் கொடுக்கிறார்களாம், அந்த ஐந்து மணித்தியாலமும் துண்டு துண்டாகிவிட்டது. பிலோ அக்கா ஓய்வுபெற்று இரண்டு வருசம். முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது.

கடையிலிருந்து வந்த அன்றே அவரை அழைத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் மலைக்குப் போனோம். தை மாதம் நடுப்பகுதி, ஆனால் மழை. சறுக்கும் தடத்தில் பழுத்த புல்லும் சேறும். ஸ்கீயைக் காரிலிருந்து எடுக்கவேயில்லை. அவர் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, மரங்களுக்குக் கீழே அசையாமல் நின்றார்.

"என்னக்கா பாக்கிறியள்?"

"பாக்கேல்லை, கேக்கிறன்" என்றார். "சரியான குளிர் நாளிலை பனிக்கு ஒரு சத்தம் இருக்கும், தெரியுமே? தடியை ஊண்ட ஊண்ட, சறுக்கச் சறுக்க, கீச்சுக் கீச்செண்டு. முந்தி தை மாதம் முழுக்கக் கேக்கும். இந்த முறை ஒரு நாளும் கேக்கேல்லை."

நானும் காது கொடுத்துப் பார்த்தேன். இலைகளுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.