உட்கார்ந்து வையுங்க

கடையைத் திறந்ததும் நத்தர்ஷா வாசலில் மூன்று நாற்காலிகளைத் தெருவைப் பார்த்துப் போடுவார். உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிறார். ஆனால் இந்த 2007-இல் வருகிறவர்களில் பாதிப்பேர் விசாரிப்பது பங்குச்சந்தையை. "எதுல போடலாம் பாய்?"

"தெரியாது" என்பார், அடுத்த கடைக்கும் கேட்கும்படி. "தெரியாதுன்னு சொல்லவும் ஒரு தெம்பு வேணும்ல?"

இதே கடையில் 1999-இல் அவர் பங்குத் தரகரின் முகவர். டை கட்டியிருந்தார். "பேருக்குப் பின்னாடி டாட் காம்னு இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கண்ணே, ஒண்ணு பத்தாகும்." சென்னையிலிருந்து வந்தவர்கள் சொன்னதை அப்படியே நம்பிச் சொன்னார், தன் பணத்தையும் போட்டார். அனுமந்தன்பட்டி மொக்கைச்சாமி திராட்சை விற்ற காசையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்.

அடுத்த வருஷமே அத்தனையும் சரிந்தது. தேனி, போடி முகவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனார்கள். குமுளியிலிருந்து மைத்துனர் அஷ்ரப் ஜீப்போடு வந்து நின்றார். "சூடு ஆறுற வரைக்கும் அங்கன வந்து இருங்க மச்சான்."

மனைவி பாஜிலா அழுதாள். "கண்டபடி பேசுவாக. நீங்க தாங்க மாட்டீக."

"பேசட்டும். சொன்ன வாய் இங்கனதான இருந்துச்சு? கேக்குற காதும் இங்கனதான் இருக்கணும்."

மறுநாள் காலை வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினார். முதலில் வந்த மொக்கைச்சாமி ஒரு நாற்காலியைத் தூக்கித் தெருவில் வீசினார். வாய்க்கு வந்தபடி வைதார். கூட்டம் கூடிவிட்டது. நத்தர்ஷா இறங்கிப்போய் நாற்காலியை எடுத்துவந்து, தூசியைத் தட்டி, அவர் முன்னால் போட்டார்.

"வெயில்ல நிக்காதீகண்ணே. உக்காந்து வையுங்க."

மொக்கைச்சாமி உட்கார்ந்தே வைதார். அடுத்த வாரமும் வந்து வைதார். போகப்போக வசவு குறைந்து, டீ வந்து, பிறகு மழையும் மருந்துவிலையும் பேச்சில் சேர்ந்துகொண்டன. கடை குழாய்க்கடையானபோது முதல் உருப்படி வாங்கியவரும் அவர்தான். "நான் வையிறதுக்காச்சும் நீரு இங்கன கடை வச்சிருக்கணும்ல" என்றார்.

போன மாதம் மொக்கைச்சாமி மகளுக்கு நிச்சயம். பின்னால் நின்றிருந்த நத்தர்ஷாவை, "பாய், இங்கன வாரும். தட்டு மாத்தணும்" என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு இவுக?"

"நம்ம வீட்டு ஆளு."

நத்தர்ஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நிதானமாக நடந்து வந்து, ஜமுக்காளத்தின் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.