தோளில் இரண்டு தட்டு

பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பினவள் இல்லை நான். திருத்தணியில் மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவள், சாமி கும்பிடுவேன், மாதா மாதம் கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பேன், அதோடு சரி. யாராவது இந்த மாதிரிக் கதை ஆரம்பித்தால் மெதுவாக எழுந்து போய்விடுவேன். இப்போது நானே எழுதுகிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் எங்கள் ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது. ஆர்.கே.பேட்டை போகிற வழியில் ஒரு விசைத்தறி ஷெட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இருபத்துமூன்று வருடமாக வேலை செய்கிறோம். பன்னிரண்டு தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லாமே கையால்தான். பக்கத்துத் தறியில் இழை அறுந்ததை யாராவது பார்த்தால் அந்தத் தறிக்காரரின் இடது தோளில் இரண்டு தட்டு தட்டுவார்கள். தறியை நிறுத்து என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டோம், வலது கை தானாகப் போய் இடுப்பு உயரத்தில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிடும். யார் தட்டினார்கள் என்பதுகூடத் தட்டிலேயே தெரியும். என் வீட்டுக்காரர் தட்டு லேசாக இருக்கும்.

எங்கள் ஒரே மகள் சுகன்யா அந்தமானில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. நான்தான் போனில் நச்சரித்து அவளையும் கிருத்திகை விரதம் பிடிக்க வைத்தேன். போன வருடம் பத்து நாள் வந்துவிட்டுப் போ என்று டிக்கெட் அனுப்பினாள். நானும் அவளுமாக ஒரு நாள் கப்பலேறி நீல் தீவுக்குப் போனோம். அங்கே பவளப்பாறை கரையிலிருந்தே ஆரம்பிக்கிறது, படகுகூட வேண்டாம், தண்ணீரில் நடந்துபோய் முகத்தைக் கவிழ்த்துப் பார்க்கலாம் என்றாள்.

காலையில் ஓட்டலில் நான் நாலு பூரி சாப்பிட்டேன். அவள் வயிறு சரியில்லை என்று வெறும் தண்ணீர் குடித்தாள்.

கடற்கரையில் எனக்கு ஒரே கூச்சம். புடவையோடு இறங்க முடியாது என்று மாப்பிள்ளையின் பழைய டீ-ஷர்ட்டையும் பேண்ட்டையும் மாட்டிவிட்டாள்.

"நைனா இப்ப உன்ன பாத்தார்னா, யாருடா இது புது ஆம்பளன்னு கேப்பாரு."

"சும்மா இருடீ. போட்டோ கீட்டோ எடுத்து அவருக்கு அனுப்பின, அப்படியே ஊருக்குப் போயிடுவேன்."

கூட்டிப்போன ஆள் அப்பாராவ், தெலுங்குக்காரர். எங்கள் பக்கம் தெலுங்கு பேசாத தெரு உண்டா, எனக்கு அவரோடு பேச்சு ஒட்டிக்கொண்டது. "பயப்படொத்தம்மா, நேனு உன்னானு" என்று, நான் இருக்கிறேன் பயப்படாதே என்று, கண்ணாடியை மாட்டி, ஒரு குழாயை வாயில் கடிக்கச் சொன்னார். ஒரு பெரிய ரப்பர் வளையத்தின் இடது பக்கம் நான், வலது பக்கம் சுகன்யா. இரண்டு பேரும் இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். கழுத்தளவுத் தண்ணீர்தானே என்று மிதவைச் சட்டை போடவில்லை. அவர் வளையத்தின் கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி ஒரு சின்னக் கேமராவில் வீடியோ எடுத்துக்கொண்டே போனார்.

உள்ளே பார்த்ததை எப்படிச் சொல்வது. மூளை மாதிரி ஒரு பாறை, மான் கொம்பு மாதிரி ஒன்று, நடுவில் கிளிப்பச்சையும் ஊதாவுமாக மீன்கள். இந்த மாதிரி ஒரு கலர் சேர்க்கையில் பட்டுப் புடவை நெய்தால் என்ன விலை போகும் என்றுகூட நினைத்தேன், நம்புங்கள். காதுக்குள் பொரி வறுக்கிற மாதிரிச் சத்தம். கழுத்தளவு போய் எப்போது ஆழம் வந்தது என்று தெரியவில்லை, கீழே பாறை முடிந்து ஒரே நீலமாக இறங்கியது.

அப்போதுதான் என் இடது தோளில் இரண்டு தட்டு.

அழுத்தமான, அவசரமான தட்டு. நான் யோசிக்கவே இல்லை. வலது கை வளையத்தை விட்டுவிட்டு இடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடியைத் தேடிப் போய்விட்டது. கடலுக்குள் ஏது தறி, ஏது கைப்பிடி? ஆனால் கைக்கு ஒன்று கிடைத்தது. இறுக்கிப் பிடித்தேன். வளையல் உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் சுகன்யாவின் மணிக்கட்டு. அவள் வளையத்தைப் பிடித்திருக்கவில்லை. குழாய் வாயிலிருந்து கழன்று, கண் பாதி மூடி, தலைமுடி மேலே பரவ, கீழே போய்க்கொண்டிருந்தாள்.

குழாயைத் துப்பிவிட்டு நான் போட்ட கத்தலில் அப்பாராவ் கேமராவை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். எப்படிக் கரைக்கு வந்தோம் என்று தெரியாது. மணலில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்ததும் தண்ணீர் தண்ணீராகக் கக்கினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

"இன்னிக்குக் கிருத்திகைம்மா."

ஊர் விட்டு வந்த குஷியில் நாள் மறந்து பூரி தின்றது நான். நான் சொன்னதற்காகப் பட்டினியாக வெயிலில் நடந்து கடலில் இறங்கி மயங்கியது அவள். சொன்னால் தண்ணீரில் இறங்க விடமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் அப்பாராவைக் கேட்டேன், என்னைத் தட்டியது நீங்களா என்று. "நான் முன்னாடி அல்லவா இருந்தேன் அம்மா, உங்கள் பின்னால் யாருமே இல்லை" என்று தெலுங்கில் சொன்னார். சுகன்யா ஷெட்டுக்குள் காலே வைக்காத பெண், அவளுக்கு அந்தத் தட்டு தெரியாது. ஷெட்டில் எல்லோர் கையும் எனக்குத் தெரியும். இது அவர்கள் யார் கையும் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "காதுல தண்ணி பூந்துகினு இருக்கும், ஏதோ மீன் இடிச்சிருக்கும்டீ. கொழந்த பொழச்சுதா, அத்தோட வுடு" என்றார். விட்டிருப்பேன். கேமரா அப்பாராவ் கையில் மாட்டியிருந்த கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததால் வீடியோ பத்திரமாக இருந்தது. அவர் அதை சுகன்யாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம்.

என் பின்னால் யாருமில்லை. மீனுமில்லை. ஆனால் டீ-ஷர்ட்டின் இடது தோள் இரண்டு முறை உள்ளே அமுங்குகிறது. தண்ணீர் அடித்தால் துணி எப்படிப் புடைக்கும், விரல் பட்டால் எப்படிக் குழியும் என்று எனக்குத் தெரியாதா, துணியிலேயே வாழ்கிறவள் நான்.

"கரண்டு இழுத்திருக்கும்மா, கடல் நீரோட்டம்" என்றாள் சுகன்யா.

"திரும்பப் போடு" என்றேன்.

மெதுவாக ஓடவிட்டாள். தோள் அமுங்குகிறது. என் கை வளையத்தை விட்டுக் கீழே அவள் பக்கம் போகிறது. அந்த நேரத்தில் என் மகள் வளையத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கேமராவுக்குக் கட்டைவிரல் காட்டுகிறாள். நன்றாக இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விடுகின்றன. சரிகிற அந்தக் கை நேராக வந்து, ஏற்கெனவே அங்கே விரித்து வைத்திருக்கிற என் கையில் விழுகிறது.

சுகன்யா போனைக் குப்புற வைத்துவிட்டாள்.

ஷெட்டில் இழை அறுந்த பிறகுதான் யாரும் தட்டுவார்கள். அறுவதற்கு முன்னால் யாருக்குத் தெரியும்?

இப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். போன வாரம் மத்தியானம் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். இடது தோளில் இரண்டு தட்டு. அதே அழுத்தம். நிறுத்திவிட்டுத் திரும்பினேன். யாருமில்லை. பாவு நூல் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தேன், ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. வெளியே ஓடிப்போய் மகளுக்குப் போன் போட்டேன்.

"என்னாம்மா இந்த நேரத்துல? நல்லாத்தான் கீறேன்" என்றாள்.

சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். மாப்பிள்ளை வரும்வரைக்கும் அவள் போனை வைத்துவிடாதபடி ஏதேதோ பேசிக்கொண்டே நின்றேன், நாலு மணி நேரம்.