நேரம் தவறாத வசந்தா

திங்கள், காலை 9.04. பயனர்: வசந்தா. உள்நுழைவு வெற்றி.
செவ்வாய், காலை 9.02. பயனர்: வசந்தா. உள்நுழைவு வெற்றி.
புதன், காலை 9.05. பயனர்: வசந்தா. முதல் முயற்சியில் பாஸ்வேர்டு தவறு. இரண்டாம் முயற்சி வெற்றி.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு நடத்தும் ஒரு நிறுவனத்தின் கணினி நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவன் நான். யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்று தேடிப் பார்ப்பது என் வேலை. ஆடிட்டர் வரப்போகிறார் என்பதால் சென்ற வாரம் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு தேடினேன்.

மேற்கண்ட பதிவில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நேரம் தவறாத ஊழியர். ஒரே ஒரு சிக்கல்... வசந்தா என் மனைவி. அதே அலுவலகத்தில் ஆவணப் பிரிவின் தலைவி. அவள் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது.

ஒருவர் பணியிலிருந்து விலகினால், அவருடைய ஐடியை முடக்கும்படி எனக்கு மெயில் அனுப்ப வேண்டியவர் பிரிவுத் தலைவர். பிரிவுத் தலைவரே விலகிவிட்டால்? விதியை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. மெயில் வரவில்லை. மெயில் வராமல் நான் எதையும் முடக்குவதில்லை — அவ்வளவு ஒழுங்கானவன்!

பதிவு சுட்டிய கணினி ஜன்னலோரம் இருந்தது. அதன் முன்னால் செல்வி. காசிமேட்டுப் பெண், வசந்தாவின் உதவியாளர்.

“நான்தான் சார்,” என்றாள், கேட்பதற்கு முன்பே. “இன்னா பண்றது? லாரிக்கு கேட் பாஸ் போடற பவரு அக்கா ஐடிக்கு மட்டும்தான் கீது. ஆஸ்பத்திரில இருந்தப்பவே அக்கா போன் பண்ணி பாஸ்வேர்டு சொன்னாங்க. ‘டிரைவருங்க வெயில்ல நிப்பாங்க, நீயே போட்டு விடு’ன்னாங்க.”

“இறந்துபோனவங்க பேர்ல வேலை பார்க்கக் கூடாதும்மா.”

“எங்க அண்ணனோட மீன்புடி போட்டு எங்கம்மா பேர்லதான் சார் ஓடிகினு கீது. அம்மா போயி மூணு வர்சம் ஆவுது. பேர மாத்தினா மீன் படாதுன்னு அண்ணன் ஒரே புடி. வயர்லெஸ்ல மத்த போட்டுக்காரங்க எங்கம்மாவத்தான் கூப்டுவாங்க. ‘இன்னாம்மா, இன்னும் கரைக்கு வர்ல?’ன்னு!”

கணினிப் பாதுகாப்பு பற்றி நான் படித்த நூல்கள் எதிலும் விசைப்படகுக்கு அத்தியாயம் கிடையாது.

முதலாளியிடம் சொன்னேன். தூத்துக்குடிக்காரர்.

“அநியாயமால்லா இருக்கு! அந்தப் பிள்ளைய இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருங்க சார். ஆடிட்டர் கேட்டா என்னத்தச் சொல்ல?”

மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது. படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில் செல்வியின் வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்.

“இந்த அஞ்சு மாசத்துல கேட்ல ஒரு லாரியாவது நின்னுச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல...”

“ஏன் நிக்கல?”

அவர் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார். “அந்தப் பவர வேற ஆளுக்குக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லியே சார். மேடம் பாத்துக்கிடுவாங்கன்னே இருந்துட்டேன்.”

“நானும்தான்,” என்றேன்.

மறுநாள் செல்விக்குச் சொந்த ஐடி, சொந்த அதிகாரம். ஆடிட்டருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினேன் — ஓட்டை விதியில் இருக்கிறது, பெண்ணிடம் இல்லை என்று. வசந்தாவின் ஐடியை முடக்கினேன். இனி அதன் வழியாக யாரும் நுழைய முடியாது. பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். பழைய பாஸ்வேர்டு என்னவென்று செல்வியிடம் கேட்கவில்லை. கேட்பது விதிக்கு முரண்.

“என் பேர்ல உள்ள போறது ஒரு மாரி பேஜாரா கீது சார்,” என்றாள் செல்வி. உடனே சிரித்தாள். “லாரிக்காரன் வேற, ‘இன்னாம்மா, பிரமோஷனா?’ன்னு கலாய்க்கறான்.”

ஒருவர் போய்விட்டதை இயந்திரத்துக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதர்களுக்கு மட்டும் தானாகவா தெரிந்துவிடுகிறது?

மீதமுள்ள வேலைகள்:

அந்த விதியைத் திருத்தி எழுதுதல்.
ஆவணப் பிரிவுக்குப் புதிய தலைவர்.
வசந்தாவின் மேசை ஃபேன், ரிப்பேர்.
முடக்கிய ஐடியைப் பட்டியலிலிருந்தே நீக்குதல் — இதற்கு இன்னும் மெயில் வரவில்லை.