தேக்காவில் ஓர் அட்டை, குவீன்ஸ்டவுனில் மற்றோர் அட்டை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று, சிங்கப்பூரின் செங்காங்கிலுள்ள என் வீட்டிலிருந்து தேக்காவுக்கும், அங்கிருந்து சற்றும் திட்டமிடாமல் குவீன்ஸ்டவுனுக்கும் சென்று வந்தேன். கழற்றி விற்கப்படும் அதிவேக நெட்வொர்க் அட்டைகள் இரண்டை வாங்குவதே நோக்கம். இதே வேலையாகப் புறப்படவிருப்போர் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

திருமணங்களையும் நடன அரங்கேற்றங்களையும் படத்தொகுப்புச் செய்து கொடுப்பது என் தொழில். கணினியை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. கையேடுகளைப் படித்து நானே கற்றேன். வாடிக்கையாளர்களின் மூலப் பதிவுகள் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பாதுகாப்பறையிலுள்ள சேமிப்புக் கணினியில் இருக்கின்றன. அவ்வறையின் தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை வராது. அங்கிருந்து தொகுக்கும் கணினிக்கு இழுத்திருந்த பழைய கம்பியோ, ஆறு கேமராக்களில் பதிவான ஓர் அரங்கேற்றத்தைத் தாங்கவில்லை. படம் ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும்.

பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளைப் புதுப்பிக்கும்போது கழற்றும் அட்டைகள் புதியவற்றின் கால்பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. மலிவுக்குக் காரணம் உண்டு. அட்டைக்குள் உறையும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருள் அந்நிறுவனக் கணினிகளுக்கென மாற்றப்பட்டிருக்கும். அதை நீக்கி, அட்டையை உருவாக்கியவரின் அசல் ஃபர்ம்வேரை நாமே எழுத வேண்டும். இதில் என் அச்சம் ஒன்றே: பலருடைய திருமணங்களுக்கு என்னிடமுள்ள மூலப் பதிவைத் தவிர வேறு படி கிடையாது. யாரோ எதையோ எழுதிவைத்த ஓர் அட்டையை அந்தக் கணினிக்குள் எங்ஙனம் செருகுவது?

இணையத்தில் ஒருவர் இரண்டு அட்டைகளைத் தொண்ணூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு விளம்பரம் செய்திருந்தார். நசீர் என்று பெயர். தேக்காவிலுள்ள லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் காலை பத்தரைக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. வடக்கு கிழக்கு ரயிலில் ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம், வண்டி மாற வேண்டியதில்லை. சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிப் பையில் அட்டை செருகும் வசதியுள்ள சிறு கணினி, திரை, மின்கலப் பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டேன். பார்ப்பவர்கள் கீரை வாங்கச் செல்வதாக எண்ணியிருப்பார்கள்.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததே. விற்பவர் நிலையத்துக்குள்ளேயே நிற்பார். கட்டணக் கதவுக்கு மேலாகப் பையை நீட்டுவார். வெளியே வராமலே அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். நசீரும் அப்படித்தான் கையை நீட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும், பணிவான முகம். பணிவான முகங்களை நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

“அக்கா, ரெண்டும் இருக்கு. காச போன்ல அனுப்பிடுங்க, நான் இப்படியே ரிட்டர்ன் போயிடறேன் லா.”

“வெளிய வாங்க தம்பி. செக் பண்ணித்தான் வாங்குவேன்.”

“இங்க எப்படிக்கா செக் பண்ணுவீங்க?”

பையைத் திறந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் பயண அட்டையைக் கதவில் தட்டி வெளியே வந்தார். அத்தனை எளிதாக இணங்கியதுகூட எனக்கு உவப்பாக இல்லை.

அருகிலிருந்த காப்பிக்கடையில் இரண்டு தேநீர் வாங்கி, ஓரத்து மேசையில் கணினியை விரித்தேன். இவ்வட்டைகளைச் சோதிப்பதற்கு இலவசக் கருவி உண்டு; கேட்டால் அட்டை தன் அடையாளக் குறியீட்டைத் தானே சொல்லும். முதல் அட்டை சொன்னதும் அதன் மேல் ஒட்டியிருந்த தாளும் ஒத்துப்போயின. இரண்டாவது ஒத்துப்போகவில்லை. தாள் ஒரு மாதிரியின் பெயரைக் காட்டியது. அட்டை வேறொரு மாதிரியின் குறியீட்டைச் சொன்னது. அதாவது, பொருந்தாத ஃபர்ம்வேரை யாரோ வலிந்து அதில் எழுதியிருக்கிறார்கள்.

நசீர் திரையை எட்டிப் பார்த்தார். தமக்கு ஒன்றும் தெரியாது என்றும், மொத்தமாக வாங்கிய பெட்டியில் வந்தது என்றும் சொன்னார். பிறகு, “ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டு மேலயே எழுதிடுங்கக்கா. எல்லாரும் அதத்தான் செய்றாங்க,” என்றார்.

“எல்லாரும் செஞ்சதாலதான் தம்பி இது இப்படி வந்து நிக்குது.”

ஓர் அட்டை மட்டும் எனக்கு எதற்கு? கம்பியின் இரு முனையிலும் அட்டை வேண்டும். கிளம்பலாம் என்று எழுந்தபோது, தம் வீட்டுக் கணினியில் இதே மாதிரி ஒன்று ஓடுவதாகவும், கழற்றித் தருவதாகவும் சொன்னார். குவீன்ஸ்டவுனில் வீடாம். முன்பின் அறியாதவரின் வீட்டுக்குச் செல்வதா? தங்கைக்கு முகவரியை அனுப்பினேன். அனுப்பியதை அவரிடமும் சொன்னேன். ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறி, அங்கிருந்து மூன்றாவது நிலையம்.

பழைய புளோக், பதினோராம் மாடி. அவருடைய மனைவி கதவைத் திறந்து, என் தள்ளுவண்டியைப் பார்த்து, கணவரைப் பார்த்தார்.

“போன வாரந்தான் மாட்டுனீங்க. இன்னைக்குக் கழட்டுறீங்களா?”

“அக்காவுக்கு வேணுமாம்.”

“அக்காவுக்கு வேணும்னா என்னையும் கழட்டிக் குடுப்பீங்க போல,” என்று சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து என் கண்முன்னே அட்டை வெளிவந்தது. குறியீடு சரியாக இருந்தது. தாமே எழுதித் தருவதாக அவர் சொன்னதை மறுத்துவிட்டேன். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முந்தைய நாளே இறக்கி, சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுக் கொண்டுவந்த கோப்பை இரண்டு அட்டைகளிலும் நானே எழுதினேன். இடையில் மின்சாரம் நின்றால் அட்டை செத்துவிடும். முடியும்வரை மின்கலப் பெட்டியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பணத்தைச் செலுத்திய பின், பொருந்தாத அட்டையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். இருந்தால் அடுத்தவருக்குப் போகும், அதுவும் கட்டணக் கதவுக்கு மேலாக. நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. சற்று நேரம் பொறுத்து அவரே குறடு எடுத்துவந்து, அட்டையைக் கணினியில் செருகுவதற்கான தங்கநிறப் பல்வரிசையை நறுக்கென வெட்டினார்.

“போதுமாக்கா?”

போதும் என்றேன்.

புறப்படுவோருக்குச் சில சொற்கள். விளம்பரப் படத்தையும் ஒட்டிய தாளையும் நம்பாதீர்கள்; அட்டையிடமே கேளுங்கள். குறியீடு பொருந்தாவிட்டால், எவர் சொன்னாலும் வலிந்து எழுதாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய ஃபர்ம்வேரைப் படியெடுத்த பிறகே புதியதை எழுதுங்கள். இணைப்புக் கம்பி பன்னிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். இவ்வட்டைகள் கடுமையாகச் சூடேறும். பாதுகாப்பறை போன்ற காற்றில்லா இடமென்றால் சிறு விசிறி கட்டாயம். பதிவுகள் இல்லாத வேறு கணினிகளில் ஒரு வாரம் ஓடவிட்டு, பிறகே சேமிப்புக் கணினிக்கு மாற்றுங்கள்.

நானும் அவ்வாறே மாற்றினேன். ஆறு கேமராக்களின் படங்களும் ஒருசேர, நிற்காமல் ஓடுகின்றன. அரங்கேற்றத்தைத் தொகுத்துக் கொடுத்துவிட்டேன். நசீர் அந்த அட்டையைப் பற்றி முன்பே அறிந்திருந்தாரா என்று தோழியர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தம் கணினியிலிருந்தே கழற்றித் தந்தவர் நேர்மையானவராகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள், இருக்கலாம். எனினும் அத்தனை குடும்பங்களின் திருமணங்களை அவருடைய நேர்மையை நம்பி நான் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கும் அவசியம் நேராதபடி பார்த்துக்கொண்டேன்.