சிவப்புக் குழாய், நீலக் குழாய்

தண்ணீர் வராத அன்றைக்குத்தான் தண்ணீர்க்காரனின் ஞாபகம் எல்லோருக்கும் வரும். சாக்கடை அடைத்துக்கொண்ட அன்றைக்கு அவனைப் பெற்றவர்களும் சேர்ந்து திட்டு வாங்குவார்கள். குழாய், பம்பு, சாக்கடை என்று எதிலாவது மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்கியவர்கள் இதைப் படித்தால், இவனும் நம் ஆள்தான் என்று தலையாட்டுவீர்கள். கடைசிவரை அப்படியே தலையாட்டுவீர்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். இங்கேயோ சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடாமலிருக்க ராட்சச பம்புகள் ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தன. குவார்ட்டர்ஸ் குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீரை முதல் நாள் வெறுமனே நின்று பார்த்தேன். வாயில் கொஞ்சம் பிடித்துக் கொப்பளிக்கக்கூட மனம் வரவில்லை, அப்படியே விழுங்கிவிட்டேன்.

எனக்கு வேலை டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கையும் தாண்டி இருந்த ஒரு பயிற்சிக் கல்லூரியில். பெயர் வேண்டாம். மாணவர் விடுதிக்குப் போகும் நல்ல தண்ணீரைச் சோதிப்பதும், விடுதியிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் குளத்தில் தேக்கி, மணலில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் கலந்து தோட்டத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. நல்ல தண்ணீர்க் குழாய்க்கு நீலப் பெயின்ட். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட்.

மெஸ் காபி

காலையில் முதல் வேலை, மெஸ் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் நிறையத் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவது. மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, பயமில்லை என்று அர்த்தம். வராவிட்டால் டேங்குக்கு ஓட வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் தடவிய மஞ்சளைப் போல அந்த நிறம் எனக்கு மங்களகரமாகப் படும். நாள் ஆரம்பிப்பதே அதைப் பார்த்துத்தான்.

மெஸ்ஸில் சமைத்தவர் பண்ணுருட்டிக்காரர். நான் மருந்துப் பெட்டியோடு வருவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய காபியைப் பையன்கள் குறை சொன்னதற்குக் காரணம் சிக்கரி அல்ல, நான்தான் என்பது அவர் கட்சி. ஒருநாள் ஒரு டம்ளர் காபியை என் கையில் திணித்துக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. நான் போடற காபிய ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கினு குடிக்கிற மாதிரி ஆக்கிட்டீங்க."

அடைப்பு

மாதத்துக்கு இரண்டு தடவையாவது விடுதிச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கிறவர் கலியன். கல்லூரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்காரர்; கான்ட்ராக்ட் ஆள். கழிவுநீர்க் குளத்தின் வால்வைத் திறந்து மூடுவதும் அவர்தான். நான் மருந்துச் சொட்டை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பதை அவர் தண்ணீர் ஓடும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவருடைய மனைவி அஞ்சலை விடுதியைப் பெருக்கிக் கழுவுகிற வேலையில் இருந்தார். அவரும் கான்ட்ராக்ட்தான். கலியன் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார். மிச்ச ஒன்பதை அஞ்சலை பேசிவிடுவார்.

ஒருமுறை அடைப்பைக் குத்தும் மூங்கில் பிளாச்சு உள்ளே போக மறுத்தது. கலியன் தொட்டிக்குள் இறங்கிக் கையை விட்டுத் துழாவி ஒரு பனியனையும் அதற்குள் சுருட்டியிருந்த சவர பிளேடுகளையும் எடுத்தார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. நான் டிஞ்சர் தேடி ஓடினேன். வார்டன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்று, வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார். அஞ்சலை தன் முந்தானையைக் கிழித்துப் புருஷன் கையில் சுற்றிக்கொண்டே, மாடியைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "பெரிய படிப்பு படிக்கிற புள்ளைங்கதான சார், எத எங்க போடணும்னு மட்டும் இன்னும் பாடம் வரலியா?"

வாழைத்தார்

சிவப்புக் குழாய்த் தண்ணீரில் தோட்டம் கொழித்தது. புல், தென்னை, வாழை எல்லாம். வாழை தொடை தொடையாகக் குலை தள்ளியது. ஆனால் பழத்தை மெஸ்ஸில் பரிமாறியதும் பையன்கள் தட்டோடு எழுந்துவிட்டார்கள். கக்கூஸ் தண்ணீரில் விளைந்ததைத் தின்ன மாட்டார்களாம். வார்டன் அவர்களுக்கு மேல். தோட்டத்துப் பக்கம் வந்தாலே செருப்பைக் கழுவிக்கொண்டு போவார். வேறு வழியில்லாமல் தார்களைச் சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு அனுப்பிவைத்தோம்.

அடுத்த வாரம் வார்டன் வீட்டில் ஏதோ பூஜை. சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து ஒரு தார் இறக்கினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போனது கலியன்தான். தார்க்காம்பில், சந்தைக்கு அனுப்ப வெட்டியபோது அவரே அரிவாளால் கொத்திய அடையாளம் அப்படியே இருந்ததாம். பிரசாதமாக எனக்கு இரண்டு பழம் கிடைத்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கலியனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "பஸ்ஸுல ஒரு தபா போயிட்டு வந்தா தீட்டு கழிஞ்சிடும் போலக்குது சார்" என்றார்.

ஒரு குடம்

அடுத்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. காலனியின் கைப்பம்பு காற்றைத்தான் இறைத்தது. பெண்கள் ரோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் நடந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அஞ்சலை அப்போது ஐந்து மாதம். விடுதியை முழுக்கக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு நடப்பார்.

ஒரு மத்தியானம் கலியன் வந்து என் அறை வாசலில் நின்றார். என் அறையில் சுவரோரமாக இரண்டு குழாய்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வேலை முடிந்து போகும்போது நீலக் குழாயில் ஒரே ஒரு குடம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் யோசித்தேன். நல்ல தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று வார்டன் எழுதி ஒட்டியிருந்தார். இன்றைக்கு ஒரு குடம் என்றால் நாளைக்குக் காலனியே வரும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு வேலை பர்மனென்ட் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீருக்கு அலைந்த ஊரில் பிறந்தவன்தான் நான். இருந்தும், ரூல் இல்லையே கலியன் என்றேன். தோட்டத்துத் தண்ணீர் வேண்டுமானால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பாத்திரம் துலக்க, துணி துவைக்க ஆகும் என்று தாராளமும் காட்டினேன். அவர் வற்புறுத்தவில்லை. அஞ்சலையை 'அது' என்றுதான் சொல்வார். "சரிங்க சார். கேட்டுப் பாக்கச் சொல்லிச்சு அது, கேட்டேன்" என்றார்.

கண்ணாடி டம்ளர்

பொங்கல் கழிந்து வெளியூரிலிருந்து பெரிய அதிகாரிகள் எங்கள் கழிவுநீர்க் குளத்தைப் பார்க்க வந்தார்கள். சாக்கடையைத் தோட்டத்துத் தண்ணீராக மாற்றுவது அப்போது புதுசு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்புக் குழாயைத் திறந்து ஒரு குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இதே மாதிரி வருகிறவர்களில் யாராவது ஒருவர், நீ குடிப்பாயா என்று கேட்பது வழக்கம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அதற்கு ஒரு தந்திரமும் வைத்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. நீலக் குழாயில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீர் மேஜைமேல் தயாராக இருக்கும். பார்க்கிறவர்கள் அதையும் சிவப்புக் குழாய்த் தண்ணீர் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் கேட்டார்கள். நான் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, அந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். வார்டன்கூடத் தட்டினார். வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கலியன் வாசல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் குழாயின்மேல் 'குடிப்பதற்கு அல்ல' என்று போர்டு இருந்தது. அந்த போர்டுக்கு நேர் கீழே நின்றுதான் நான் குடித்தேன். எல்லோரும் போனபிறகு அவர் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார். முகத்தில் ஒரு தெளிவு. "நீங்களே குடிச்சிட்டீங்க. இது தெரியாம இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன் சார்" என்றார்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் காதில் இன்னும் கைதட்டல் சத்தம்தான் இருந்தது.

மஞ்சள்

பங்குனியில் அஞ்சலை வேலைக்கு வரவில்லை. காலனியில் இன்னும் நாலைந்து பேருக்குக் காமாலை என்று மெஸ்ஸில் பேச்சு. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலை பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டாம் மாதம். கலியன் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலையின் கண்ணைப் பார்த்தேன். காலையில் எந்த நிறத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருமோ, அதே நிறம்.

மூலையில் இரண்டு குடம் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். அஞ்சலைதான் பதில் சொன்னார், அந்த நிலையிலும் ஒரு சிரிப்போடு. சிவப்புக் குழாயிலிருந்து கலியன் தினமும் கொண்டுவருகிறாராம். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறார்களாம். ரோட்டைத் தாண்டி நடக்கிற பாடு இல்லையாம். இனி அதைக் குடிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கலியன் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மணல் தொட்டியில் இப்போது ஏதோ பழுது, நான் குடித்தபோது நன்றாக இருந்தது என்று இன்னொரு பொய் சொன்னேன். ஒரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். நாலாம் நாள் அஞ்சலை நினைவு தப்பினார். ஆறாம் நாள் போய்விட்டார். குழந்தையும் இல்லை.

எடுத்துப் போகும்போது நானும் போனேன். கல்லூரித் தண்ணீர்தான் கொன்றுவிட்டது என்று காலனியில் ஒருவர் உரக்கப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்துத்தான் பேசினார். கலியன் கொள்ளிச்சட்டியோடு திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "சாரப் பத்தி ஒரு வார்த்த பேசாத. அவுரு அந்தத் தண்ணிய என் கண்ணு முன்னால குடிச்சாரு."

நான் சொன்னது

இதற்குப் பிறகு டம்ளர் வித்தையை நிறுத்தினேன். காலனிக்கு நீலக் குழாயிலிருந்து ஒரு இணைப்பு வேண்டும் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தேன். வார்டனை எதிர்த்துக்கூடப் பேசினேன். இரண்டு வருடம் கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் வந்தது. முதல் நாள் பெண்கள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எனக்கும் மாலை போட வந்தார்கள். கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். என்னை நல்லவன் என்று அந்தக் காலனியே நம்பியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டில் கைவைத்தால் கலியனின் கொள்ளிச்சட்டிதான் கண்முன் வரும்.

எனக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று காலை கலியன் குளத்து முகப்பில் கம்பி வலையில் சேர்ந்த குப்பையை வாரிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அன்றைக்கு டம்ளரில் இருந்தது சிவப்புக் குழாய்த் தண்ணீர் இல்லை, நீலக் குழாய்த் தண்ணீர் என்று. இரண்டே வாக்கியம். மூன்று வருடமாக வாயில் வராதது. அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். வாரியைக் கீழே வைத்தார். பிளேடு கிழித்த தழும்புள்ள அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திறந்திருந்த என் அறைக்குள், சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த குழாய்கள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், கோபமே இல்லாமல்: "அந்தக் கொழாயிலதான சார் அது ஒரு கொடம் கேட்டுச்சு?"

தண்ணீரைச் சோதிக்க எத்தனையோ மருந்து கண்டுபிடித்துவிட்டோம் நண்பர்களே, டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறவனைச் சோதிக்கத்தான் இன்னும் ஒரு சொட்டும் இல்லை.